விட்டுப்போன ஓடக்காரன்

திருவனந்தபுரம் வலியசாலை மேலைத் தெருவாசியும், முன்னாள் அஞ்சல் கச்சேரிக் குமாஸ்தாவுமாகிய ஸ்ரீமான் பிச்சுமணி ஐயர் அவர்கள், வயது அறுபத்தொன்று நிறைந்து மாதம் நான்கு, பேசும்படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுவதில் அத்தெருவுக்கே அதிகாரியாக விளங்கினார்.

சனிக்கிழமைதோறும் படம் பார்ப்பார். ஞாயிறு காலை, கோவில் குளப்படியில் தீர்ப்பு வெளியாகும்.

“முற்பாதி அமிர்தம். பிற்பாதி குப்பை.”

எந்தப் படமானாலும் தீர்ப்பு இதுவே.

அவருக்கு எதிர்க்கட்சி, காப்பி கிளப் ஸ்ரீகண்டன். வயது நாற்பது. அதே படத்தை அவரும் பார்த்திருப்பார்.

“முற்பாதி ஒண்ணும் புரியாது, மாமா. பிற்பாதிதான் பிரமாதம்!”

“உமக்கு ரசனை போறாது, ஓய்.”

“உங்களுக்குப் பொறுமை போறாதாக்கும்.”

இரண்டு வருஷமாக நடந்த இந்த வழக்கு, தீபாவளி நெருங்கியபோது முற்றிற்று. தெருப் பெண்டுகளை வருஷத்துக்கு ஒரே ஒரு முறை வில்வண்டி கட்டிப் படத்துக்கு அழைத்துச் செல்வது வழக்கம். எந்தப் படம் என்று சொல்லும் கௌரவம் பிச்சுமணி ஐயருடையது. இம்முறை பெண்டுகள் அவரை நம்ப மறுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி, அவருடைய தர்மபத்தினி அனந்தலக்ஷ்மி.

ஞாயிறு பிற்பகல் வாசகசாலையில் சபை கூடிற்று.

“மெள்ளப் பேசுங்கோ. அடுத்தாத்துப் பிள்ளைவாள் காதிலே விழுந்தா வைவார்” என்று ஆரம்பித்தாள் அனந்தலக்ஷ்மி.

பிள்ளைவாள் என்றது ஆர்மோனியம் தாணுமாலயன் பிள்ளையை. ஊமைப்படக் காலத்தில் திரைக்கருகே அமர்ந்து வாசித்தவர். படம் பேசத் தொடங்கிய மாதமே அவர் வேலை போயிற்று. “இனி ஒரு பேசும்படக் கதைகூட என் காதில் விழாது” என்று கோவில் நடையில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர். இப்போது கால் விழுந்து, வாசகசாலையை ஒட்டிய வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார்.

“நேத்திக்குப் பார்த்த படத்தை ரெண்டு பேரும் கதையாச் சொல்லுங்கோ. முழுசாச் சொல்றவா பேச்சைத்தான் இனிமே இந்தத் தெரு கேக்கும்” என்றாள்.

பிச்சுமணி ஐயர் எழுந்தார். அங்கவஸ்திரத்தைத் திருத்திக்கொண்டார். ராஜா வேட்டைக்குப் போனதும், இளைய ராணி சூழ்ச்சி செய்ததும், மூத்தவள் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டதும் அவர் வாயில் உயிர்பெற்று வந்தன. ராணி அழுதபோது அவரும் அழுதார். பெண்டுகள் மூக்கைச் சிந்தினார்கள்.

“பேழை மிதந்தது. தெய்வாதீனமாகக் குழந்தை பிழைத்தது!” என்று கைகூப்பி உட்கார்ந்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் இடைவேளை.”

“இடைவேளைக்கு அப்புறம், ஏன்னா?”

“அது... வாயாலே சொல்லத் தகுந்ததில்லை.”

ஸ்ரீகண்டன் துள்ளி எழுந்தார்.

“நான் சொல்றேன், மாமி! ஒரு வாலிபனைத் தூக்கிலே போடப் போறா. அப்போ ஒரு ஓடக்காரன் மூச்சிரைக்க வரான். ராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கி அவன் காலிலே விழறார். கொட்டகையே அழுதது!”

“யார் அந்த ஓடக்காரன்?”

“தெரியாது.”

“ராஜா எதுக்கு விழணும்?”

“அதுவும் தெரியாது. ஆனா, விழுந்தது பிரமாதம்!”

அனந்தலக்ஷ்மி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மனசிலாச்சு! ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட். இடைவேளையிலே பாஸ் கைமாறியிருக்கு. பார்க்காத பாதியைத்தான் இத்தனை நாளும் குப்பைன்னிருக்கேள்! இப்படியுமா ஒரு கஞ்சத்தனம்?”

வாசகசாலை அதிர்ந்தது. “அரைப்பட மாமா!” என்று பின்வரிசையில் ஒரு குரல்.

ஸ்ரீகண்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிச்சுமணி ஐயர் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். சேர்த்து வைத்த பெயரெல்லாம் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. ஆயினும் அவர் தலை குனிந்தாரேயன்றி வாய் திறக்கவில்லை.

அப்போது பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கூச்சல்.

“ஓடக்காரன விட்டுட்டியளே, சாமி! ஆத்துலேருந்து பேழைய எடுத்தவன் அவன்லா! நேத்து எங்கிட்ட நல்லாச் சொன்னியளே!”

சிரிப்பு சட்டென்று நின்றது.

தாணுமாலயன் பிள்ளையின் குரல் தணிந்தது.

“சனிக்கிழமை அந்திக்கு எம்மவன் வேலைக்குப் போயிருவான். என்னெத் தனியா விடப்படாதுண்ணு முதப் பாதிக்கு ஒருத்தர், மறுபாதிக்கு ஒருத்தர் வந்து இருக்காவ. பாத்தத எனக்குச் சொல்லுவாவ. ஒருத்தர் சொல்லுகத மத்தவரு கேக்கமாட்டாரு, வீம்பு! முழுக்கதையும் எனக்கு மட்டுந்தான் தெரியும். சத்தியம் செய்தவனுக்கு மானக்கேடு வரப்படாதுண்ணு ரெண்டு பேரும் ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்காவ.”

அனந்தலக்ஷ்மி ஜன்னலருகே போனாள்.

“பிள்ளைவாள், நீங்களே சொல்லுங்கோ. இந்தப் படத்துக்கு நாங்க போலாமா?”

“தாராளமாப் போலாம், அம்மா. ரெண்டு பாதியும் சேந்தா நல்ல படம். ஆர்மோனியம் மட்டும் சுருதி சேந்திருக்காது.”

இனிச் சனிக்கிழமைகளில் பிள்ளைக்குத் துணையிருக்கத் தெருவார் முறைவைத்துக்கொள்வதென்றும், ஐயரும் ஸ்ரீகண்டனும் முழுப்படம் பார்ப்பதென்றும் முடிவாயிற்று. ஆயினும் அந்தச் சபை கலையும்வரை அவ்விருவர் அபிப்பிராயத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆகையால், பேசும்படங்களைப் பற்றித் தெருவுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம், ஒரு பேசும்படத்தையும் கண்ணால் பாராத தாணுமாலயன் பிள்ளைக்கே உரியது என்று ஏகமனதாகத் தீர்மானமான நாள்: கொல்லம் 1116-ம் ஆண்டு ஐப்பசி மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி.