இடது புருவத்துக்கு மேலே

பெரிய பிரிண்டரின் தலை இடமும் வலமும் ஓடி ஓடி, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய முகப் படத்தை விரற்கடை விரற்கடையாக வெளியே தள்ளுகிறது. முதலில் கலைந்த முடி, பிறகு நெற்றி. போன மாதம் விபத்தில் போய்விட்ட மகனின் முகத்துக்காக அம்மா குனிந்து நிற்கிறாள். இடது புருவம் வந்ததும் அவள் முகம் மாறுகிறது. "தம்பி, இங்க ஒரு தழும்பு இருக்குமே?" பிரிண்ட் போடுகிறவர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். யார் முகமானாலும் பரு, தழும்பு எல்லாவற்றையும் துடைத்துவிடுவது அவருடைய கைப்பழக்கம். "பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு எடுத்துட்டேம்மா." "கைக்குழந்தையா இருக்கறப்ப என் வளையல் கீறினதுப்பா. 'அம்மா, இது நீ போட்ட கையெழுத்து'ன்னு என்னைக் கேலி பண்ணிக்கிட்டே இருப்பான்." அவர் பாதி வந்த தாளை வெட்டி எடுத்துவிட்டு, கை வைக்காத படத்தைத் திறக்கிறார். மறுபடி முடி, மறுபடி நெற்றி. ஜன்னல் வெளிச்சத்தில் ஈரமாக மின்னிக்கொண்டு, கட்டைவிரல் நீளத்துக்குப் பெருத்து, அந்தத் தழும்பு வந்து சேர்கிறது. அவள் விரல் அதை நோக்கிப் போகிறது. மை காயும்வரை யாரையும் கிட்டே விடாதவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.