ஜெப நேரத்தில் தண்ணீர்

"எழுந்திரிச்சிப் போறவங்க போங்க. ஆனா ஆண்டவர் பார்த்துக்கினு இருக்காரு, அதை மட்டும் மறந்துடாதீங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னாள் ஜெசிந்தா. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பாலகாட் லைன் வீடுகளில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடத்துவது அவள்தான். வருகிறவர்கள் செல்போனை வாசலிலேயே ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும். கவனம் சிதறினால் ஜெபம் கூரையைத் தாண்டாது என்பது அவள் கட்சி.

இன்று பக்கத்து வீட்டு மம்தா தெருவிலிருந்து கன்னடமும் தமிழுமாகப் போட்ட கூச்சலைத்தான் எந்தக் கூடையிலும் போட முடியவில்லை.

"நீரு பந்த்து! தண்ணி வந்துச்சி!"

தெருக்குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. எல்லோருடைய குடமும் காலையிலிருந்தே குழாயடியில் வரிசை பிடித்து நிற்கிறது. இடம் பிடிக்க குடம் போதும். ஆனால் முறை வரும்போது ஆள் இல்லையென்றால், குடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்தவர் பிடித்துக்கொள்வார். அதுதான் லைன் சட்டம்.

பெண்கள் நெளிந்தார்கள். ஒருத்தியும் எழவில்லை. ஜெசிந்தாவின் வாய்க்கு அவ்வளவு பயம்.

கதவு மட்டும் மெல்லக் கிறீச்சிட்டது. ஜெசிந்தா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். கடைசி வீட்டுத் தாயம்மா நழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவரே!" ஜெசிந்தாவின் குரல் ஏறியது. "உம்ம சமூகத்தை விட்டுட்டு ஒரு கொடம் தண்ணிக்கு ஓடுற மகளை மன்னியும்! அலைபாயுற அவ மனசை இழுத்துக் கட்டும்!"

"ஆமென்" என்றார்கள் மற்றவர்கள், அரை மனசாக.

உள்ளதைச் சொன்னால், ஜெசிந்தாவின் மனசும் குழாயடியில்தான் நின்றது. மகள் ஷாலினி கைக்குழந்தையோடு நாளைக்கு பெங்களூரிலிருந்து வருகிறாள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பிள்ளையை எதில் குளிப்பாட்டுவது? ஆனால் அத்தனை பேரையும் உட்கார வைத்த வாயால், தான் மட்டும் எப்படி எழுந்து போவது? வீம்பு அவளைப் பாயோடு அழுத்தியது. கோபமெல்லாம் தாயம்மாவின் மேல் திரும்ப, ஜெபமும் அவளையே சுற்றிச் சுற்றி நீண்டுகொண்டு போனது.

கடைசி ஆமென் சொன்னதுதான் தாமதம், எல்லோரும் செருப்புகூட மாட்டாமல் ஓடினார்கள். ஜெசிந்தாவும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினாள்.

குழாய் நின்றுவிட்டிருந்தது.

ஆனால் ஜெபத்துக்கு வந்தவர்களின் குடமெல்லாம் தளும்பத் தளும்ப நிறைந்து நின்றது. பக்கத்தில் தொப்பலாக நனைந்த புடவையோடு தாயம்மா. அவளுடைய குடம் மட்டும் காலி.

"இன்னாடி இது?"

"உங்க கொடத்தையெல்லாம் தள்ளி வெக்கப் பார்த்தாங்கக்கா. சண்டை போட்டுப் புடிச்சி வெச்சேன். என்னுது கடைசி இல்ல? அதுக்குள்ள நின்னுபோச்சி."

ஜெசிந்தாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"அதுக்காவ ஜெபத்தை விட்டுட்டு வந்துடறதா?"

"உள்ள கண்ணை மூடினா தண்ணி நெனப்பாவே இருந்துச்சிக்கா. இங்க வந்தப்பறந்தான் எனக்கு ஜெபமே வந்துச்சி. ஒவ்வொரு கொடமும் ரொம்பற வரிக்கும், அது யாருதோ அவங்களுக்காவ வேண்டிக்கினேன். உங்க கொடத்துக்கு, உங்க பேரப்புள்ள நல்லா இருக்கணும்னு கேட்டேன்."

முந்தானையைப் பிழிந்துகொண்டே தாயம்மா சாதாரணமாகக் கேட்டாள்: "நீங்க உள்ள யாருக்காவக்கா ஜெபம் பண்ணீங்க?"

"உனக்காவத்தாண்டி" என்றாள் ஜெசிந்தா.

சொன்னது உண்மைதான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் முடியவில்லை.