பசறை ஓடர்

"இன்னும் இழுங்கப்பா! தட்டுனா மேளம் மாதிரி அதிரணும்."

இராமையா குறடால் துணியைக் கவ்வி, சட்டத்தில் காலை ஊன்றி இழுத்தார். நிரஞ்சலா சட்டென்று நடுவில் ஓர் ஆணியை இறக்கினாள். தேயிலைத் தோட்டத்து லயத்தின் சின்ன அறைக்குள் அடங்காத பெரிய கென்வஸ். வாசலில் போட்டுத்தான் கட்டினார்கள்.

"மூலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்தா என்ன புள்ள?"

"துணியில சுருக்கம் விழுந்துரும்பா. நடுவுல அடிச்சுட்டுத்தான் ஓரத்துக்குப் போகணும்."

சொன்ன இடத்தில் அப்பா பிடித்துக்கொண்டு நின்றதை அவளால் நம்ப முடியவில்லை. கொழும்பு கெம்பஸில் சித்திரம் படிக்க இடம் கிடைத்த அன்று, "படம் வரையிறதுக்கு ஒரு படிப்பா? அதுக்குக் கொழும்பா?" என்று கத்தி, அவளுடைய பிரஷ்களையெல்லாம் அடுப்பில் போட்டவர் அவர். அதன் பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.

போன வாரம் அவராகவே பதுளைக்குப் போனார். புது பிரஷும் பெயின்டும் இந்தத் துணியும் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார்.

"பசறையில ஒரு நிச்சயதார்த்தம். மேடைக்குப் பின்னால வைக்கப் படம் வேணுமாம். இந்த ஓடர முடிச்சுக் குடுத்துட்டு கொழும்புக்குப் போ."

நிரஞ்சலா அழுதுவிட்டாள். "அப்பா" என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிவிட்டது.

வெள்ளைப் பூச்சு காய்ந்ததும் வரையத் தொடங்கினாள். மேலே நமுனுகுல மலை, கீழே தேயிலை, இரண்டுக்கும் நடுவில் ஓர் அருவி. இராமையா வேலைவிட்டு வந்து ஒவ்வொரு மாலையும் பக்கத்தில் குந்திப் பார்த்தார்.

"பொண்ணுக்கு என்ன கலர் புடிக்கும்னு கேட்டீங்களாப்பா?"

"ஒனக்குப் புடிச்சதப் போடு."

"மேடையில உக்காரப் போறது அவங்கதானே?"

"அதெல்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ போடு."

அம்மா விஜயலெட்சுமி மட்டும் படத்தைப் பார்க்க வரவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் படம் முடிந்தது. உள்ளே கொழும்புக்குப் போகும் பை கட்டித் தயாராக இருந்தது. பெயர்கள்தான் பாக்கி.

"பேரச் சொல்லுங்கப்பா, எழுதிர்றேன்."

"மாப்பிள்ள பேரு ஜெயரூபன். பசறையில கடை வச்சிருக்காரு. நல்ல மனுசன்."

அவள் வளைத்து வளைத்து எழுதினாள். "பொண்ணு பேரு?"

இராமையா குனிந்து, சிந்திய ஆணிகளைப் பொறுக்கினார்.

"ஓம் பேருதான்."

"அவங்களும் நிரஞ்சலாவா!" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இன்னும் வடிவா எழுதணும்."

தன் பெயரை அவள் இவ்வளவு பெரிதாக எழுதியதே இல்லை. சிவப்பில் எழுதி, தங்க நிறத்தில் கரை கட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது.

பின்னால் விசும்பல் கேட்டது. அம்மா வாசற்படியில் நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஏம்மா அழுற?"

அம்மா உள்ளே போய்விட்டாள். நிரஞ்சலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த பிரஷிலிருந்து தங்க நிறம் சொட்டியது.

"அப்பா... யாருப்பா அந்தப் பொண்ணு?"

"வேற யாரு புள்ள, நீதான்."