ரெண்டு பேருக்கான காற்று

மாமனாரின் பழைய தோல்பெட்டி டிக்கியில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்துத் திருப்தியோடு டிக்கியைச் சாத்தினான். அன்று காலை அவன் செய்த வேலை அது ஒன்றுதான்.

கட்டியது, சுமந்தது, ஏற்றியது எல்லாம் அவன் மனைவி. தன் சட்டையைத் தானே மடித்த ஆள் இல்லை அவன். அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கிற ஆளும் இல்லை.

ஏற்பாடு அவனுடையது. வழியில் மாமனாரை முதியோர் இல்லத்தில் இறக்கிவிடுவது, அப்படியே தன் அம்மா வீட்டில் தலையைக் காட்டிவிட்டுத் திரும்புவது. வீடு மாமனாருடையது, காரும் மாமனாருடையது. ரெண்டு மாசம் தங்கிக்கொள்கிறோம் என்று வந்து, வருஷக்கணக்கில் உட்கார்ந்துவிட்டவன் இவன்.

சாப்பாட்டு மேஜையில் கால் நகத்தை வெட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவான். உடம்பை ஏற்றப்போகிறேன் என்று இரும்பு எடைகளை வாங்கி நடையில் போட்டான். அதில் வீட்டிலுள்ளவர்கள் கால் இடித்துக்கொண்டதுதான் மிச்சம், அவன் ஒருநாளும் தூக்கவில்லை. போன வாரம் உப்பு கூடிவிட்டதென்று தட்டை விட்டெறிந்தான். சில்லு தெறித்து மனைவியின் புருவத்தில் தையல் போட வேண்டியதாயிற்று. அந்தத் தையலோடு அவள்தான் இன்று வண்டி ஓட்டுகிறாள். இவன் ஓட்டினால் இவனுக்குத் தூக்கம் வருமாம்.

அப்பாவும் மகளும் ஏற்பாட்டுக்கு மறுபேச்சே பேசவில்லை. ரெண்டும் வழிக்கு வந்துவிட்டது என்று முன் சீட்டில் சாய்ந்தபடி போனில் யாரிடமோ பெருமையடித்துக்கொண்டு வந்தான்.

தெருமுனை பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தச் சொன்னார் மாமனார். ஓடி ஓடி டயர் சூடாகிவிட்டால் காற்றின் அளவு கூடுதலாகக் காட்டும், இப்போதே பார்த்துவிடலாம் என்றார். காற்றடிக்கிறவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை வாயில் மென்றுகொண்டிருந்ததை ஜன்னல் வழியே துப்பினான். அது காற்றடிக்கிறவரின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. டயரிலேயே நாற்பத்துநாலு என்று அச்சடித்திருக்கிறது, அதையே அடித்துவிட்டு ஆளை விடுங்கள் என்றான்.

"அது டயர் அதிகபட்சம் தாங்குற அளவு மாப்ளே. வண்டிக்கு எவ்வளவு வேணும்னு கதவோரம் ஒட்டியிருக்கு."

"இனிமே இந்த வண்டியப் பத்தி உங்களுக்கு என்ன மாமா கவலை?"

மகள் இறங்கி, கதவோரம் ஒட்டியிருந்த சீட்டைக் குனிந்து படித்தாள். ரெண்டு பேர் மட்டும் போனால் நாலு சக்கரத்துக்கும் முப்பத்திரண்டு. ஆளும் சாமானும் நிறைய இருந்தால் பின்சக்கரத்துக்கு முப்பத்தெட்டு.

காற்றடிக்கிறவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். "என்ன சார், இரும்பு ஏத்துன மாதிரி உக்காந்திருக்கு வண்டி?"

"எல்லாம் பின்னாடி இருக்காரே, அவரோட குப்பைதான். போற எடத்துல ஒரே ஒரு கட்டில்தான் குடுப்பாங்க, இதையெல்லாம் எங்க வைக்கப்போறாரோ." சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டான். கேட்காமலேயே முதியோர் இல்லத்துக் கதையையும் சொன்னான், ஏதோ நல்ல காரியத்துக்குப் போகிறவன் மாதிரி.

"முப்பத்தெட்டே வைங்க," என்றார் மாமனார். "இன்னிக்கு வண்டி பாதி வழியில நிக்கக் கூடாது."

மாப்பிள்ளைக்கு அதிலும் ஒரு நொட்டை. பாரத்துக்கு வைத்த காற்றோடு வெறும் வண்டியாகத் திரும்பினால் தூக்கித் தூக்கிப் போடுமே, இடுப்பு யாருடையது என்று கேட்டான். வரும்போது ரெண்டே பேர்தான், அதற்கு என்ன வழி என்றான். திரும்பும்போது இங்கேயே நிறுத்துங்கள், இறக்கிவிடுகிறேன் என்றார் காற்றடிக்கிறவர்.

அதற்குள் அவனுக்குக் கழிவறைக்குப் போக வேண்டியதாயிற்று. விரலைச் சொடுக்கி மனைவியிடம் தண்ணீர் பாட்டிலை வாங்கி ரெண்டு மடக்குக் குடித்தான். மூடாமல் அதைச் சீட்டில் எறிந்துவிட்டு, கதவையும் திறந்து போட்டுவிட்டுப் போனான். தண்ணீர் சீட்டெல்லாம் ஓடியது. அவள் துடைத்தாள்.

மாமனார் ஒவ்வொரு சக்கரத்தின் மூடியையும் தானே திருகிச் சரிபார்த்துவிட்டு, போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

காற்றடிக்கிறவர் குழாயைச் சுருட்டினார். அந்தக் கிழவரைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அழுகிய பழத்தை மிதித்துவிட்டவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"பெத்த அப்பா. உங்களுக்கு எப்படிம்மா மனசு வருது?"

அவள் கழிவறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் வரவில்லை.

"எனக்கென்ன வந்தது," என்றார் அவர், தரையைப் பார்த்து. "வரும்போது நிறுத்துங்க, காத்தைக் குறைச்சு விடுறேன். உங்க வீட்டுக்காரர் சொன்ன மாதிரி ரெண்டே பேர்தானே?"

அவள் ஈரத்துணியைப் பிழிந்து உதறினாள்.

"ஆமாண்ணே, ரெண்டே பேர்தான். நானும் எங்கப்பாவும்."