திருப்பிச் சொல்லு தம்பி

"எழுதிக்க தம்பி. ஏழு, ஏழு, நாலு, ஏழு, ரெண்டு, ஏழு. எனக்குக் காது மந்தம், ஒருவாட்டி திருப்பிச் சொல்லு."

போனை ஸ்பீக்கரில் போட்டு உண்ணாமலை இப்படிச் சொன்னதும், ஜெராக்ஸ் கடை வஜீதா மேசையைத் தாண்டிக் குதித்தாள். அந்தக் குதிப்பில் எதிரே இருந்த கலெக்டர் ஆபீஸ் ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

அதற்குள் போனில் டை கட்டிய தமிழ் ஒன்று ஒப்பித்தது: "ஏழு, ஏழு, நாலு, ஏழு, இரண்டு, ஏழு. கரெக்டா மேடம்?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்ட உண்ணாமலை, "ப்ச்" என்று போனை வைத்துவிட்டாள்.

"அய்யோ அக்கா! ஓடிபிய குடுத்துட்டீங்களே!"

"ஓடிபி போனுக்குள்ள பத்திரமாத்தான் கீது. நான் சொன்னது வாய்க்கு வந்த நம்பரு."

வஜீதா நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்தாள். வேங்கிக்காலில் அவள் கடை போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் ரகசியம் காப்பதில் அவளை மிஞ்ச மாவட்டத்திலேயே ஆளில்லை. அவளுடைய பாஸ்வேர்டை அடித்து முடிப்பதற்குள் ஒருவர் கிரிவலம் போய்த் திரும்பிவிடலாம். ஆதாரோ ஜாதகமோ காதல் கடிதமோ, யார் எதைக் கொடுத்தாலும் கவிழ்த்து வாங்கிக் கவிழ்த்தே கொடுப்பாள். ஓர் எழுத்துப் படிக்க மாட்டாள். உண்ணாமலை திங்கட்கிழமைதோறும் கலெக்டரிடம் கொடுக்கக் கொண்டுவரும் மனுவையும் அப்படித்தான். இன்றைய மனுவும் மெஷினுக்குள் கவிழ்ந்து கிடந்தது. கரண்ட் போய் வந்த கோபத்தில் மெஷின் உறுமி உறுமிச் சூடேறிக்கொண்டிருந்தது.

"போனை இப்டி குடுங்கக்கா. தெரியாத நம்பர் வந்தா மணியே அடிக்காத மாதிரி செஞ்சுடறேன்."

உண்ணாமலை போனை முந்தானைக்குள் மறைத்தாள். "வேணாம் வஜீதா. மாறன் கூப்புடுவான்."

மாறன் அவளுடைய ஒரே மகன். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று போய்ப் பத்து மாதம். முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. அடி அண்ணாமலையில் அவள் இளநீர் சீவும்போதும் போன் மடியிலேயே இருக்கும். மணி அடித்தால் கத்தி ஒரு பக்கம் பறக்கும், காய் ஒரு பக்கம் உருளும், இளநீர் குடிக்க வந்தவர் ஒரு பக்கம் ஓடுவார்.

"அவர் பேரைத்தான் போன்ல போட்டு வெச்சிருக்கீங்களே. அவர் கூப்புட்டா மட்டும் அடிக்கும்."

"அந்த நம்பர்லேர்ந்து வராது."

"ஏன்க்கா?"

உண்ணாமலை பேச்சை மாற்றினாள். "அவன் வாழைப்பழத்த வாயப்பயம்னுதான் சொல்லுவான், தெரியுமா? அஞ்சு வாத்தியாருங்க மாறி மாறி அடிச்சுப் பாத்தாங்க. அஞ்சு பேரும் ரிட்டயர் ஆயிட்டாங்க, வாயப்பயம் மட்டும் ரிட்டயர் ஆவல."

வஜீதா விழுந்து விழுந்து சிரித்தாள். கூடவே சிரித்த உண்ணாமலையின் சிரிப்பு பாதியில் நின்றது. "இப்ப வந்து அப்டி ஒருவாட்டி சொன்னான்னா, தார் தாரா வாங்கிக் குமிச்சுடுவேன்."

"சரிக்கா, அதுக்காக இந்தத் திருட்டுப் பசங்ககூட எதுக்குப் பேச்சு? நீங்க எடுத்தாலே, இந்த நம்பர்ல ஆள் இருக்குதுன்னு இன்னும் நூறு பேருக்கு வித்துடுவானுங்க."

"விக்கட்டும். அப்பத்தான ஜாஸ்தி பேர் கூப்புடுவாங்க."

"உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா!"

மறுபடி மணி அடித்தது. உண்ணாமலைக்கு வந்த மோசடி அழைப்புகளை எல்லாம் வரிசையில் நிறுத்தினால் பௌர்ணமிக் கூட்டமே வெட்கப்பட்டு ஊர் திரும்பிவிடும்.

"வணக்கம் மேடம். பேங்க் ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க கார்டு பிளாக் ஆகப் போகுது." வேறு குரல், கம்மிப் போயிருந்தது; தமிழ் மட்டும் அதே டை கட்டிய தமிழ். "உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், அதச் சொல்லுங்க."

"எழுதிக்க தம்பி. ஏழு, ஏழு, நாலு, ஏழு, ரெண்டு, ஏழு. காது மந்தம், ஒருவாட்டி திருப்பிச் சொல்லு."

மறுமுனையில் பேச்சு நின்றது. அங்கே தூரத்தில் பத்திருபது குரல்கள் "மேடம், மேடம்" என்று ஓதிக்கொண்டிருந்தன.

"ஏயு..." என்றது குரல். "ஏயு... நாலு... ஏயு..."

துண்டிக்கப் போன வஜீதாவின் மணிக்கட்டை உண்ணாமலை பிடித்தாள். இளநீர் சீவுகிற கை. இரண்டு வளையல் நொறுங்கி விழுந்தது.

"கரெக்டுங்க சார்," என்றாள் உண்ணாமலை. கன்னத்தில் வழிந்தது குரலில் வராமல் பார்த்துக்கொண்டாள். "சார் சாப்ட்டீங்களா?"

யாரோ புரியாத பாஷையில் அதட்டுவது கேட்டது.

"சாப்ட்டேன் மேடம்." பிறகு மூச்சளவே ஒரு குரல்: "யாரு கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க மேடம். நானே கேட்டாலும்."

இணைப்பு அறுந்தது.

"என்னக்கா இது, திருடனே புத்தி சொல்றான்!" என்றாள் வஜீதா.

உண்ணாமலை போனை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். சூடேறிய மெஷின் ஒரு கனைப்புக் கனைத்து, மூன்று காப்பிகளை மல்லாக்கத் துப்பியது. அவற்றைக் கவிழ்க்கப் போன வஜீதா, கடை திறந்த நாளிலிருந்து முதல்முறையாக அடுத்தவர் காகிதத்தைப் படித்தாள்: 'வேலை என்று கூட்டிப்போய் அடைத்துவைத்து, நம் ஊர்க்காரர்களுக்கே போன் செய்து ஓடிபி கேட்கச் சொல்லி அடிக்கிறார்கள் என்று, கூடப் போய்த் தப்பி வந்தவர் சொல்கிறார், ஐயா, என் மகன் மாறனை மீட்டுக் கொடுங்கள்.'