காலுள்ள பேய்

கண் விழித்ததும் தொகுனாகா முதலில் பார்த்தது தன் போட்டோவைத்தான். அதற்குக் கறுப்பு நாடா கட்டி, முன்னால் ஊதுபத்தி ஏற்றியிருந்தது. பக்கத்தில் கிண்ணம் நிறையச் சோறு. அதன் நடுவே சாப்பிடும் குச்சிகள் இரண்டும், செத்தவர்களுக்குப் படைப்பதுபோல, செங்குத்தாகக் குத்தி நின்றன. உயிரோடு இருக்கும் புருஷனுக்கு எந்தப் பெண்டாட்டியாவது அப்படிச் சோறு வைப்பாளா?

"சதாயே!" என்று நெரிமா வட்டாரமே அதிர அலறினார். பெண்டாட்டி சதாயே அவர் மூக்கை உரசாத குறையாக நடந்துபோய், கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினாள்.

"அவங்களுக்குக் கேக்காது சார்." மூலையில் கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக முகோயாமா மண்டியிட்டிருந்தான். தொகுனாகாவின் படக்கதையை வாராவாரம் வெளியிடும் பத்திரிகையின் எடிட்டர். "நேத்து மத்தியானம் இதே மேஜைலதான் கவுந்தீங்க. மாரடைப்பு."

"உனக்கு மட்டும் எப்படிடா கேக்குது?"

"நான் சாவுக் காரியம் பண்ற கோயில் வீட்டுப் பையன் சார். சின்ன வயசுலேர்ந்து உங்கள மாதிரி ஆளுங்களோடதான் புழக்கம்."

காலே இல்லாத பேய் செருப்புக்கடை நடத்தும் அந்தப் படக்கதையைத் தொட்டில் குழந்தைகூட ஒப்பிக்கும். கார்ட்டூனாக டிவியில் வந்தபோது தெருவில் நாய்கூட நடமாடவில்லை. இப்போது சினிமா, பாதி எடுத்தாகிவிட்டது. முடிவை மட்டும் தொகுனாகா வரையவில்லை. "சலிச்சுப்போச்சு! தனியா வெந்நீர் ஊத்துல போய் ஊறப்போறேன்" என்று போன வாரம் அவர் வீசிய பேனா, நாலு வீடு தாண்டி ஒருவர் சூப்பில் விழுந்ததாகக் கேள்வி.

தொகுனாகா குனிந்து பார்த்தார். "டேய், நம்ம பேய்க்குக் கால் கிடையாதே. எனக்கு இருக்கே? மரத்துவேற போயிருக்கு."

"நாப்பத்தொன்பதாம் நாள் காரியம் வரைக்கும் இருக்கும். அப்புறம்தான் கீழேர்ந்து கரையும். பேயை வரைஞ்சே பொழச்சவரு, இதுகூடத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல மானம் இடம் தரவில்லை. "தெரியுமே!" என்றார்.

"அதுக்குள்ள முடிவை வரைஞ்சு குடுத்துடுங்க. படம் நின்னுபோச்சுன்னா மேடம் இந்த வீட்டைக் காலி பண்ணிட்டுத் தெருவுலதான் நிக்கணும்."

அடுத்த அறையில் சதாயே விம்மினாள். தொகுனாகாவுக்கு நெஞ்சு வெடித்தது. ஒரு தடவையாவது அவளையும் வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப் போயிருக்கக் கூடாதா?

மேஜையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. எட்டுக் கை முளைத்தவர் போல வரைந்தார். செருப்புக்கடைப் பேய் தன் பெண்டாட்டியின் பாதத்தில் கடைசி ஜோடியை மாட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டபடியே காற்றில் கரைந்தது. மையைவிடக் கண்ணீர்தான் அதிகம் செலவானது. முடித்ததும் அப்படியே தரையில் சுருண்டார்.

முகோயாமா தாள்களை வாரிக்கொண்டு சமையலறைக்கு ஓடினான். கடைசிப் பக்கத்தைப் பார்த்த சதாயேவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க மேல எவ்வளவு பாசம் பாருங்க மேடம்! இந்த மாதிரி அவர் வரைஞ்சதே இல்ல."

"ஆமா தம்பி" என்று மூக்கைச் சிந்தினாள் சதாயே. "ரெண்டாவது சினிமாவுக்கும் வரையட்டும், அப்புறமா உயிரோடதான் இருக்கீங்கன்னு சொல்லிக்கலாம்."