சிவப்பு நகம்

"இதை அழிச்சிட்டு மேடை ஏறுங்க, சுமேத்!"

துறைத் தலைவர் பிரசித் பஞ்சையும் நகச்சாயம் அழிக்கும் பாட்டிலையும் மேசைமேல் வைத்த வேகத்தில் பாட்டில் உருண்டது. டாக்டர் சுமேத் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தார். பிடித்த கையின் ஐந்து நகமும் செக்கச்செவேல் என்று இருந்தன. இன்னொரு கையிலும் அப்படியே.

"கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு பூசிக்க மாட்டா. கவனிக்கலையா நீங்க?"

"கவனிச்சேன் சார்."

"அப்போ என்ன, பயமா? முப்பது வருஷமா ஊர் ஊராப் போய், 'விதவைப் பேயாவது மண்ணாவது, தூக்கத்துல சாவு வர்றது இதயத் துடிப்புல இருக்கிற கோளாறு'ன்னு தொண்டை கிழியக் கத்தினவர் நீங்க. அதுக்குத்தான் இன்னிக்கு விருதே! அதை வாங்கற கையில நெயில் பாலிஷா? நாளைக்குப் பேப்பர்ல படம் வந்தா, எந்தக் கிராமத்தான் இனிமே நெஞ்சுல துடிப்பைச் சரிபண்ற கருவி வச்சுக்குவான்? 'டாக்டரே பூசிக்கிறாரு, நமக்கும் ஒரு பாட்டில் போதும்'பான்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. தாய்லாந்தின் வடகிழக்கே, ஈசான் பக்கத்துக் கிராமங்களில் ஆண்கள் படுக்கப்போகும் முன் நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொள்வார்கள். புருஷன் தேடி அலையும் விதவைப் பேய், சிவப்பு நகத்தைப் பார்த்தால் பொம்பளை என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுமாம். அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்டியே சுமேத்துக்குத் தலை நரைத்துவிட்டது.

சுமேத் பஞ்சை நனைத்துக் கட்டைவிரல் அருகே கொண்டுபோனார். பிறகு பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க சார். இது இருக்கட்டும்."

"ஆராய்ச்சி பண்ணிப் பண்ணி உங்களுக்கே முத்திப்போச்சு!" தலைவர் கதவை அறைந்துவிட்டுப் போனார்.

மேடையில் ஆளுநர் கேடயத்தை நீட்டினார். நகங்களைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. முன்வரிசை டாக்டர்கள் ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். கேமராக்காரர்கள் முகத்தை விட்டுவிட்டுக் கைக்குக் குறிவைத்தார்கள்.

சுமேத் மைக்கைப் பிடித்தார்.

"பேய் கிடையாது. இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். பாலிஷ் யாரையும் காப்பாத்தாது. பரிசோதனையும் கருவியும்தான் காப்பாத்தும்."

"அப்புறம் எதுக்கு சார் பூசியிருக்கீங்க?" பின்னாலிருந்து ஒரு குரல். அரங்கம் கொல்லென்று சிரித்தது.

சுமேத் மைக்கைத் திருப்பி வைத்தார். இறங்கி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் 'குடும்பத்தினர்' என்று எழுதி ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. கேடயத்தை அதில் வைத்தார். மனைவி பாங்காக்குக்கே போய் வருஷக்கணக்காகிறது. சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடவாவது மனிதர் வீட்டில் தங்க வேண்டுமே! கிராமம் கிராமமாக ஈசிஜி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனிதர் அவர். இத்தனை பேர் நடுவிலும் அவருக்குத் தனியாகத்தான் இருந்தது.

விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

இன்று பகலில் ஆஸ்பத்திரியில் நடந்ததை மைக்கில் எப்படிச் சொல்வது?

கரும்பு வெட்டும் புன்மாவுக்கு இன்று நெஞ்சில் கருவி வைக்க வேண்டியிருந்தது. அவன் அண்ணன்கள் இருவருமே தூக்கத்தில் போனவர்கள். ஆள் எப்படியோ ஆஸ்பத்திரி வரை வந்துவிட்டான். நர்ஸ் நகத்தை அழிக்கப் போனதும் கையை மடக்கிக்கொண்டான்.

"சாயம் இருந்தா விரல்ல மாட்டற மெஷின் ஒழுங்கா காட்டாதுப்பா," என்றாள் நர்ஸ்.

"மயக்க ஊசி போட்டுத் தூங்க வைப்பீங்க. வெறும் நகத்தோட தூங்கினா அவ வந்துடுவா. வேணாம் தாயி, நான் ஊருக்கே போறேன்." புன்மா கட்டிலை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினான்.

போனால் திரும்பி வரமாட்டான் என்று சுமேத்துக்குத் தெரியும். பாலிஷ் படாத தன் விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாரு. நானும் வெறும் நகத்தோட உன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ரெண்டு ஆம்பளையில அவ யாரைக் கூட்டிட்டுப் போவா? உனக்குப் பொண்டாட்டி இருக்கா. எனக்குச் சோறு போடக்கூட வீட்ல ஆளில்ல. சம்பளமும் உன்னைவிட ஜாஸ்தி!"

வார்டே சிரித்தது. புன்மாவும் சிரித்துவிட்டு நர்ஸிடம் கையைக் கொடுத்தான். அவன் மனைவி கம்லா மட்டும் சிரிக்கவில்லை.

கருவியை நல்லபடியாகப் பொருத்தி, புன்மாவைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். சொன்ன சொல் தவறாமல் சுமேத் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியான அசதியில் தன்னையறியாமல் கண் அசந்துவிட்டார்.

விழித்தபோது விரல் நுனியெல்லாம் சில்லென்று இருந்தது. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து கம்லா சிவப்பு பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். இவருக்கு நெஞ்சுல நீங்க வச்ச கருவி இருக்கு, பக்கத்துல நான் இருக்கேன். நீங்க பாட்டுக்கு வெறும் நகத்தோட தூங்கிட்டீங்களே, உங்களுக்கு யாரு இருக்கா?"